பிட்டு: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நாலாம் ஆண்டு படிக்கும் என் மகள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிய கட்டுரையில் 'பிட்டு' என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் வெட்டி 'புட்டு' என்று திருத்திவிட்டார். என் அப்பம்மா எப்போதும் 'பிட்டு' என்றே எழுதுவார். பிள்ளைக்கு நான் என்ன சொல்வது?

வாசகி, ஒட்டுசுட்டான்

அன்புள்ள தங்கைக்கு,

அவள் எழுதியது சரி என்று சொல்லுங்கள். தயங்க வேண்டாம்.

பழைய வடிவம் பிட்டுத்தான். 'பிட்டு நேர்பட மண்சுமந்த பெருந்துறைப் பெரும்பித்தனே' என்று திருக்கழுக்குன்றப் பதிகத்தில் மாணிக்கவாசகர் பாடுகிறார். ஏடெழுதியவர் மாற்றியிருப்பாரோ என்று ஐயப்படவும் இடமில்லை. பி, பெ, பெ, பி என்று மோனை அந்த எழுத்தை இறுகப் பிடித்திருக்கிறது. இகரத்துக்கு எகரம் மோனையாகும், உகரத்துக்கு ஆகாது. 'புட்டு' என்று வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அடி தட்டும்.

புட்டு பேச்சில் பிறந்தது. இதழ் சேரும் பகரத்துக்குப் பின் இகரமும், அதையடுத்து நா மடியும் ட, ள போன்ற எழுத்தும் வந்தால், இகரம் உகரத்தின் பக்கம் சாயும். பிடி 'புடி' ஆவதும் பிள்ளை 'புள்ளை' ஆவதும் அப்படித்தான். எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்தான் என்கிறோமே, அதுவும் 'பிட்டுப் பிட்டு'த்தான். சொக்கநாதர் மண்சுமந்த மதுரையிலேயே ஆவணி மூலத்தில் நடப்பது புட்டுத் திருவிழா. மலையாளத்திலும் புட்டு என்பதே வழக்கு; சிங்களத்தில் இன்றும் பிட்டு. ஆகவே ஒரு பிள்ளை புட்டு என்று எழுதினால் அதையும் வெட்டக்கூடாது.

பிட்டு விற்ற கிழவி வந்தியிடம், அவள் பங்குக்கு மண்சுமக்க இறைவன் கூலியாகக் கேட்டது உதிர்ந்த பிட்டு. இதை மகளுக்கு அடுப்படியிலேயே காட்டலாம். வறுத்த சிவப்பரிசி மாவில் கொதிநீர் விட்டுக் குழைத்து, சுண்டுப் பேணியின் விளிம்பால் கொத்தி, தேங்காய்ப்பூ கலந்து அவித்து, அவிக்கும் ஓலைப்பெட்டியான நீத்துப்பெட்டியைக் கவிழ்த்ததும் பொலபொலவென்று விழுகிறதே, அந்தப் பதம்தான்.

எனக்கு வலிப்பது, வழக்கில் அருகிவரும் வடிவத்தைப் பிழையென்று வெட்டுவது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, 2009க்குள் வன்னியில் கொப்பி, கடிதம், ஏடு என்று எவ்வளவோ எழுத்தை இழந்தோம். எஞ்சியதை நாமே சிவப்பு மையால் அழிக்கலாமா?

ஆசிரியரிடம் கோபமாகப் போகாதீர்கள். திருவாசகத்தில் அந்தப் பாடலைக் காட்டினால் போதும். அப்பம்மாவின் கையெழுத்தில் வேறு சாப்பாட்டுப் பெயர்கள் இருந்தால், அவர் எழுதியபடியே, ஓர் எழுத்தும் மாற்றாமல் எனக்கு அனுப்புங்கள்.