ஆல்டிஹைடும் டாட்டோமரும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஆல்டிஹைடும் ஈனாலும் ஒரே பொருளின் இரண்டு வடிவங்கள் என்றால், அது உடனிசைவுதானே?

இல்லை. நிறைய பேர் வழுக்குகிற இடம் இதுதான். ஈனால் என்றால் கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பின் ஒரு கார்பனில் ஹைட்ராக்சில் (–OH) ஏறிய சேர்மம். உடனிசைவில் அணுக்கள் எதுவும் அசையாது. எலக்ட்ரான்களை மட்டும் நாம் தாளில் வேறு வேறு மாதிரி வரைகிறோம். அந்த வடிவங்கள் தனியாக எங்கும் இருப்பதில்லை. டாட்டோமரில் ஒரு ஹைட்ரஜன் நிஜமாகவே இடம் மாறுகிறது. அசிட்டால்டிஹைடின் மெத்தில் தொகுதியில் இருக்கும் ஹைட்ரஜன் ஒன்று கார்பனை விட்டு ஆக்சிஜனில் போய் அமர்ந்து, இரட்டைப் பிணைப்பும் இரண்டு கார்பன்களுக்கு நடுவே நகர்ந்தால் வினைல் ஆல்கஹால், அதாவது அதன் ஈனால். இரண்டும் தனித்தனிச் சேர்மங்கள். பாடநூல் ‘இயங்கு சமநிலை மாற்றியம்’ என்று நீட்டி எழுதுவது இதைத்தான். அதனால்தான் இங்கே எதிரெதிராக இரண்டு அம்புகள் போடுகிறோம், உடனிசைவுக்கு இருதலை அம்பு ஒன்று. தேர்வில் இதை மாற்றிப் போட்டால் மதிப்பெண் போய்விடும்.

அப்படித் தனிச் சேர்மம் என்றால் வினைல் ஆல்கஹாலை ஏன் புட்டியில் பார்க்க முடிவதில்லை?

சமநிலை அவ்வளவு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. 25 டிகிரியில் நீரில் கரைந்த அசிட்டால்டிஹைடில் ஒரு கோடி மூலக்கூறுகளுக்குச் சுமார் 6 மட்டுமே ஈனாலாக இருக்கும். கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு மிக வலுவானது; அதை விட்டுக்கொடுத்து கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பைப் பெறுவது நஷ்ட வியாபாரம். மெர்குரி உப்பும் அமிலமும் வைத்து அசிட்டிலீனோடு நீரைச் சேர்த்த ரஷ்ய வேதியியலாளர் குச்செரோவுக்கு 1881-இல் கிடைத்ததும் அசிட்டால்டிஹைடுதான். வழியில் உருவான வினைல் ஆல்கஹால் நிற்கவில்லை. பாலிவினைல் ஆல்கஹாலைக்கூட வினைல் ஆல்கஹாலிலிருந்து தயாரிப்பதில்லை. பாலிவினைல் அசிட்டேட்டை உருவாக்கி, பிறகு அசிட்டேட்டைக் கழற்றுகிறார்கள்.

ஆனால் ஒன்று. ஹைட்ரஜன் தானாகத் தாவுவதற்குத் தடை மிக உயரம். அமிலமோ காரமோ நீரோ அதைச் சுமந்து போக வேண்டும். சுமக்க யாரும் இல்லாத இடத்தில் வினைல் ஆல்கஹால் பிழைத்துக்கொள்ளும். 2001-இல் சாஜிட்டேரியஸ் பி2 என்ற விண்மீனிடை மேகத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

எல்லா ஆல்டிஹைடுக்கும் ஈனால் உண்டா? பென்சால்டிஹைடிலும் ஒரு ஹைட்ரஜன் இருக்கிறதே?

அது தவறான ஹைட்ரஜன். வேண்டியது கார்போனைலுக்கு (கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புத் தொகுதிக்கு) அடுத்த கார்பனில் இருப்பது, அதாவது ஆல்ஃபா ஹைட்ரஜன். கார்போனைல் கார்பன்மேலேயே உட்கார்ந்திருப்பது இந்த ஆட்டத்துக்கு வராது. சோதித்தும் பார்க்கலாம்: 2-மெத்தில்புரொப்பனால் என்ற ஆல்டிஹைடைக் கனநீரில் (ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கன வடிவமான டியூட்டீரியம் உள்ள நீர்) சிறிது அமிலத்தோடு வைத்தால் அதன் ஒற்றை ஆல்ஃபா ஹைட்ரஜன் மெல்ல டியூட்டீரியமாக மாறும், ஆல்டிஹைடு ஹைட்ரஜன் அப்படியே இருக்கும்.

பென்சால்டிஹைடிலும் ஃபார்மால்டிஹைடிலும் ஆல்ஃபா ஹைட்ரஜன் கிடையாது. அதனால்தான் அவை அடர் காரத்தில் ஆல்டால் வினைக்குப் (ஆல்ஃபா கார்பன் வழியாக இரண்டு மூலக்கூறுகள் இணைவது) போகாமல் கன்னிசரோ வினைக்குப் (ஒன்று ஆல்கஹாலாகவும் மற்றொன்று அமில உப்பாகவும் மாறுவது) போகின்றன. அக்ரோலின் கொஞ்சம் ஏமாற்றும். அதில் ஆல்ஃபா ஹைட்ரஜன் இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே இரட்டைப் பிணைப்பில் மாட்டிய கார்பனில். அதை ஈனாலாக்கினால் அடுத்தடுத்து இரண்டு இரட்டைப் பிணைப்புகள் வரும், அது நடக்காது.

ஒரு கோடியில் 6 என்றால் அதைப் படித்து என்ன பயன் சார்?

நல்ல கேள்வி, கோபமாகக் கேட்டாலும். அந்த ஆறு பேர்தான் வேலை செய்பவர்கள். அமிலத்தில் புரோமின் சேரும்போது அது ஈனாலைத்தான் தாக்குகிறது. ஈனால் தீர்ந்ததும் சமநிலை புதிதாக ஆறைத் தருகிறது, அதுவும் தீர்கிறது, இப்படியே கடைசி வரை. அசிட்டோனை வைத்து வேதியியலாளர் லாப்வொர்த் 1904-இல் காட்டியது இதைத்தான்: புரோமினைக் கூட்டினாலும் வேகம் கூடுவதில்லை, ஏனென்றால் மெதுவான படி ஈனால் உருவாவது.

காரத்தில் வருவது ஈனோலேட் அயனி. அதை டாட்டோமர் என்று எழுதாதீர்கள். ஆல்டிஹைடு, ஈனால் இரண்டுமே ஒரு புரோட்டானை இழந்தால் வந்து சேரும் பொதுவான அயனி அது. ஆல்டால் வினையைத் தொடங்கி வைப்பதும் அதுதான்.

ஃப்ரக்டோஸ் கீட்டோன்தானே? டாலன்ஸ் சோதனையில் ஏன் வெள்ளி ஆடி தருகிறது?

ஆல்டிஹைடைக் கண்டறியப் பயன்படும் டாலன்ஸ் கரைசல் (அம்மோனியா கலந்த வெள்ளி நைட்ரேட்) காரத்தன்மை உடையது. காரத்தில் ஃப்ரக்டோஸ் முதலில் ஈன்டையாலாகிறது: இரட்டைப் பிணைப்பின் இரு கார்பன்களிலும் ஆளுக்கொரு ஹைட்ராக்சில். இப்போது புரோட்டான் எந்தக் கார்பனுக்குத் திரும்பும்? இரண்டாம் கார்பனுக்குப் போனால் முதல் கார்பன் ஆல்டிஹைடாகிவிடும், குளுக்கோஸோ மானோஸோ கிடைக்கும். முதல் கார்பனுக்கே திரும்பினால் பழையபடி ஃப்ரக்டோஸ். லோப்ரி டி பிரைன், வான் எக்கென்ஸ்டைன் இருவரும் 1895-இல் விவரித்த மாற்றம் இது. ஹைட்ராக்சிலை ஒட்டிய கீட்டோன் என்பதாலும் அது எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு சர்க்கரைகளையும் பிரித்தறிய புரோமின் நீர் போதும். அங்கே காரம் இல்லை, அதனால் குளுக்கோஸ் மட்டும் நிறத்தைப் போக்கும்.

குளுக்கோஸின் வளைய வடிவமும் டாட்டோமரா?

ஆம், வளைய–சங்கிலி வகை. நீரில் திறந்த ஆல்டிஹைடு வடிவம் 0.01 சதவீதம்கூட இருக்காது.

புரொப்பனாலும் (propanal என்ற ஆல்டிஹைடு) அசிட்டோனும் டாட்டோமர்களா? மூலக்கூறு வாய்பாடு ஒன்றுதானே.

இல்லை, அவை வினைத்தொகுதி மாற்றியங்கள். புரொப்பனாலின் ஈனாலில் ஹைட்ராக்சில் முதல் கார்பனில், அசிட்டோனின் ஈனாலில் நடுக் கார்பனில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக, ஒரு ஹைட்ரஜன் இடம் மாறினால் போதாது; ஆக்சிஜனும் வீடு மாற வேண்டியிருக்கும்.