ஒரே ஆட்டக்காரருக்குக் கோடிகளைக் கொட்டுவது லாபமா, நட்டமா?

கேள்வி: பெரிய கால்பந்து கிளப் நட்சத்திர ஆட்டக்காரரை விற்றால் யாருக்கு லாபம்?

பல நேரம் விற்றவருக்குத்தானுங்க. 2018 ஜனவரியில் இங்கிலாந்து கிளப் லிவர்பூல், தன் நட்சத்திர ஆட்டக்காரர் கொட்டினியோவை 10 கோடி யூரோவுக்கும் மேல் ஸ்பெயின் கிளப் பார்சிலோனாவுக்குக் கொடுத்தது. அந்தக் கோடையிலேயே நல்ல விலை கொடுத்து கோல்கீப்பர் அலிசனை வாங்கியது. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் தொடரின் 2019 அரையிறுதியில் அதே பார்சிலோனாவை 4-0 எனச் சாய்த்து, கோப்பையையும் தூக்கியது. கொட்டினியோவோ ஜெர்மனி கிளப் பயர்னுக்கு இரவல் போய், 2020ல் பார்சிலோனா வலைக்குள்ளேயே 2 கோல் அடித்தார். பார்சிலோனாவுக்குக் காசும் போச்சு, மானமும் போச்சு!

வாங்குபவர் கோட்டை விடுவது பெரும்பாலும் விலையில் இல்லை, ஆளை எந்த இடத்தில் ஆட வைப்பது என்பதில்தான். கொட்டினியோ விரும்பி ஆடும் நடுப்பகுதியில் ஏற்கெனவே மெஸ்ஸி நின்றார்; ஓரத்துக்குத் தள்ளப்பட்டவர் மங்கினார். வாங்கும் விலையைக் கணக்கில் ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவார்கள். ஆள் சோபிக்காவிட்டாலும் அந்தச் செலவும் சம்பளமும் நிற்காது.

நல்ல ஆள் போனால் எப்போதும் லாபம் என்றும் இல்லை. நம்ம கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடிய சென்னை சிட்டி கிளப், இந்திய கிளப்புகள் மோதும் ஐ-லீக் தொடரின் 2018-19 பட்டம் வென்றபோது பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல். அடுத்த சீசன் நடுவில் அவர் ஜப்பான் போய்விட்டார். அணி பட்டத்தின் பக்கமே வரவில்லை. சின்ன கிளப்புக்கு வரும் தொகையில் அதே தரத்தில் இன்னொருவர் சிக்குவது குதிரைக்கொம்புங்க.