லொறி எத்தனை மணிக்கு வரும்?

வணக்கம் ஐயா,

கோப்பன்ஹேகனில் ஸ்ட்ரோயெட் என்ற நடைவீதியைப் படத்தில் பார்த்தேன். ஹட்டன் பிரதான வீதியையும் அப்படி வாகனமே இல்லாமல் ஆக்க முடியாதா? சம்பளம் போட்ட ஞாயிறுகளில் அம்மா இரண்டு கையிலும் பையோடு பஸ்ஸுக்கும் த்ரீவீலருக்கும் ஒதுங்கி ஒதுங்கி நடப்பதைப் பார்க்க முடியவில்லை. கருங்கல் பதித்து, விளக்குக் கம்பம் நட்டு, நடைபாதை வியாபாரிகளை அகற்றினால் டவுன் அழகாகும். கடைக்காரர்கள்தான் வியாபாரம் படுத்துவிடும் என்கிறார்கள்.

– ஒரு வாசகர், டிக்கோயா

அன்புள்ள தம்பி,

டவுனைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாகனத்தை எங்கே நிறுத்துவது என்றுதான் ஆரம்பிப்பார்கள். நீங்கள் அம்மாவின் கையிலிருக்கும் பையிலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள். அதற்காகவே உடனே எழுதுகிறேன்.

ஆனால் அந்த வீதி வெறும் கடைவீதி அல்ல. அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் ஏ7 பாதையே அதுதான். டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைக் கூட்டமும் சேரும். மாற்றுப் பாதை போடாமல் மூடினால் அம்மா ஏற வேண்டிய பஸ்ஸே வராது. பக்கத்துக் குறுக்கு வீதி ஒன்றை, ஞாயிறு மட்டும், முதலில் மூடிப் பார்க்கலாம்.

ஸ்ட்ரோயெட்டும் அப்படிப் பரீட்சையாகத் தொடங்கியதுதான். அது ஒரே வீதியல்ல. குறுகலான பழைய வீதிகள் சில சேர்ந்த சுமார் 1.1 கிலோமீட்டர். 1962 நவம்பரில் வாகனப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். இந்தக் குளிரில் தெருவில் உலாவ யார் வருவார் என்று அங்கேயும் கேட்டார்கள். 1964இல்தான் நிரந்தரமானது. அமெரிக்காவின் கலமாஸூவிலோ 1959இல் மூடிய வீதியின் ஒரு பகுதியை 1998இல் மறுபடி வாகனங்களுக்குத் திறக்க வேண்டி வந்தது. அங்கே வாடிக்கையாளர் காரில் ஏறி ஊருக்கு வெளியே இருந்த பெரிய கடைகளுக்குப் போய்விட்டார்கள். உங்கள் டவுனுக்கு வருகிறவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கி நடக்கிறவர்கள். பஸ் தரிப்பிடம் ஐந்து நிமிட நடையில் இருந்தால் கடைக்காரர் பயப்பட வேண்டியதில்லை.

விளக்குக் கம்பத்தை விடுங்கள். லொறி எத்தனை மணிக்கு வரும்? இதைக் கேட்காமல் போட்ட நடைவீதி எதுவும் நிற்காது. 50 கிலோ மூட்டையை, சுமை தூக்கும் நாட்டாமை முதுகில் எவ்வளவு தூரம் கொண்டுபோவார், அதுவும் ஏற்றத்தில், மழையில்? ஆகவே விடியற்காலையில் லொறி கடை வாசலுக்கே வர வேண்டும். சனம் கூடுமுன் போய்விட வேண்டும். பிந்தி வருகிற லொறிக்கு வீதி முனையில் இறக்குமிடமும் தள்ளுவண்டியும் வேண்டும். தள்ளுவண்டிக்குப் படி ஆகாது, சரிவுதான் ஆகும். நடுவில் மூன்றரை, நான்கு மீட்டர் எப்போதும் வெறுமையாக இருக்க வேண்டும், தீயணைப்பு வண்டிக்கும் அம்புலன்சுக்கும்.

லொறி ஏறும் என்றால் தரையும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். நடக்க மட்டும் 60 மில்லிமீட்டர் தடிப்பில், ஒன்றோடொன்று கோத்துப் பதிக்கும் இன்டர்லொக் கல் போதும். லொறிக்கு 80 வேண்டும். மலிவென்று 60ஐப் போட்டால் சக்கரம் போகும் இரண்டு கோட்டிலும் பள்ளம் விழும். அடியில் நன்றாக இறுக்கிய கிரவல், அதன்மேல் சுமார் 30 மில்லிமீட்டர் மணல், இரு ஓரத்திலும் கொங்கிரீட் விளிம்பு. விளிம்பை விட்டால் கற்கள் பக்கவாட்டில் நகரும், இடைவெளியால் மழைநீர் இறங்கி மணலை இழுத்துப்போகும், கல் அமிழும், தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும். அம்மா வழுக்கி விழுவது அங்கேதான். நீங்கள் கேட்ட கருங்கல்லைப் பளபளவென்று தேய்த்துப் பதித்தால் பாசி பிடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம், முதல் மழையிலேயே வழுக்கும்.

மழைநீர் ஓடும் கானையும் மறக்காதீர்கள். இருபுறமிருந்தும் 50க்கு 1 சரிவில் நடுவுக்கு நீர் ஓட வேண்டும். கான் மூடியின் துளைகள் 13 மில்லிமீட்டருக்கு மேல் அகலமில்லாமல், நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் மாட்டிக்கொள்ளும். கோவா இலையும் பொலித்தீன் பையும் அடைக்கும், ஆகவே மூடியை ஓர் ஆள் கையால் தூக்க முடிய வேண்டும்.

நடைபாதை வியாபாரிகளை அகற்றச் சொன்னீர்களே, அது தப்பு தம்பி. கடுமையாகவே சொல்கிறேன். அம்மா ஒரு கட்டுக் கீரையும் கால் கிலோ கத்தரிக்காயும் வாங்குவது அவர்களிடம்தானே? அவர்களை விரட்டி அழகாக்கிய வீதியில் அம்மாவுக்கு வாங்க என்ன இருக்கும்? ஒரு பக்கமாக ஒன்றரை மீட்டருக்குக் கோடு கிழித்து இடம் கொடுங்கள், மேலே மழைக்குக் கூரை போடுங்கள்.

அடுத்த ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தக் குறுக்கு வீதிக்குப் போய் நில்லுங்கள். எத்தனை லொறி, எந்தக் கடைக்கு, எவ்வளவு நேரம் நின்றது என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். குடை கொண்டு போங்கள்.