மறுமையை வரைவது: எண்ணெய் வண்ணக் கேள்வி பதில்

கேள்வி: அப்பா தவறி ஒரு வருஷம் ஆகப்போகுது. படகு, இருண்ட தண்ணீர், அக்கரை என்று ஒரு படம் வரைய ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: சுவிஸ் ஓவியர் ஆர்னால்ட் பாக்லினின் 'இறந்தோர் தீவு' ஓவியத்தை நிதானமாகப் பாருங்கள். 1880இல் மரீ பெர்னா என்பவர் மறைந்த கணவர் நினைவாக ஒரு பிரதி கேட்டார். படகில் சவப்பெட்டியும் வெள்ளை உடுத்த உருவமும் வந்தது அவர் கேட்டதால்தான். அந்த உருவம் நமக்கு முதுகு காட்டி நிற்கிறது. முகம் தெரியாததால் பார்ப்பவர் தன் துக்கத்தையே அதில் வைத்துப் பார்க்க முடிகிறது. எலும்புக்கூடு, கபாலம் எதுவும் வேண்டாம். முதலில் உள்ளங்கை அளவில் நாலைந்து கரித்துண்டுப் படம் போடுங்கள்: இருள், நடுநிறம், வெளிச்சம், மூன்றே நிறம். பளிச்சென்ற வெள்ளை ஒரே இடத்தில்தான் இருக்கவேண்டும்.

கேள்வி: அண்ணா, தண்ணீருக்குக் கறுப்பு அடிச்சா கேன்வாஸ்ல ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு.

பதில்: கறுப்பை விடுங்கள். அல்ட்ராமரைன் நீலம் 2 பங்கு, பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு 1 பங்கு கலந்தால் ஆழமான இருள் கிடைக்கும். பிம்பம் பொருளுக்கு நேர் கீழே விழட்டும். வெள்ளை உருவத்தின் பிம்பம் உருவத்தைவிடச் சற்று மங்கல். கரும்பாறையின் பிம்பம் பாறையைவிடச் சற்று வெளிர். ஈரம் காயுமுன் உலர்ந்த தட்டை பிரஷால் குறுக்கே லேசாக ஒருமுறை இழுங்கள், தண்ணீர் தட்டையாகத் தெரியும்.

கேள்வி: கருட புராணத்து வைதரணியை வரையலாமா சார்? ரத்த ஆறு என்றால் எல்லாமே சிவப்பா?

பதில்: தாராளமாக. ஆனால் ஆறு முழுக்கச் சிவப்பானால் பசுவின் வாலைப் பிடித்துக் கடப்பவர் கண்ணில் படமாட்டார். அம்பர் நிறத்தில் ஆற்றை முடித்து, நன்கு காய்ந்த பிறகு கரையோரம் மட்டும் அலிசரின் சிவப்பை அடிநிறம் தெரியும்படி மெல்லிய கண்ணாடிப் பூச்சாகப் போடுங்கள். வண்ணக் குழாயில் நிறமிக் குறியீடு பி.ஆர். 83 (PR83) என்றிருந்தால் வாங்காதீர்கள். மெல்லிய பூச்சில் வெளிச்சம் பட்டு வெளுத்துவிடும்.

கேள்வி: என் படத்தில் வெடிப்பு விட்டிருக்கு. ஏன்?

பதில்: எண்ணெய் கூடிய பூச்சின் மேல் எண்ணெய் குறைந்ததைப் போட்டிருப்பீர்கள். மேல்பூச்சு முந்திக் காய்ந்து இறுக, அடிப்பூச்சு பிறகு அசைந்து அதைக் கிழிக்கிறது. முதல் பூச்சுக்கு டர்பன்டைன் மட்டும். அடுத்ததற்கு டர்பன்டைன் 2, லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் 1. கடைசிக்குச் சரிபாதி.

கேள்வி: திவசத்துக்குள்ள வார்னிஷ் அடிக்கலாமா?

பதில்: மெல்லிய படமானாலும் 6 மாதம் காயவேண்டும். அவசரமென்றால் வார்னிஷ் இல்லாமலே மாட்டுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.