கப்பலில் இரவுச் சாப்பாட்டுக்குக் கோட் கட்டாயமா? அப்பா வேட்டிதான் கட்டுவார், உள்ளே விடுவார்களா?

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம். பெரும்பாலான கப்பல்களில் கோட் கட்டாயமில்லை. வேட்டி தாராளமாகக் கட்டலாம், மேலே ஒரு நல்ல சட்டை இருந்தால் போதும். ஒன்றை மட்டும் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டைனிங் ஹால் வாசலுக்குப் போகக் கூடாது. அது ஏன் என்று பிறகு வருகிறேன்.

"அடுத்த மாதம் சிங்கப்பூரிலிருந்து நாலு ராத்திரி கப்பல் டூர், அப்பாவுக்கு எழுபது வயது, பேண்ட் போட்டதே இல்லை" என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நீங்களும் அநேகமாக என்னைப் போலத்தான் இருப்பீர்கள். நாலு காசு சேர்ந்ததும் பெற்றவர்களை ஒரு தடவை வெளிநாட்டுக்குக் கூட்டிப் போய்விட வேண்டும் என்று ஆசை. கூடவே, அங்கே போய் நாலு பேர் முன்னால் மானம் போய்விடக் கூடாதே என்று பயம். பயம் நமக்கு, வேஷம் கட்டுவது மட்டும் அப்பாவுக்கு.

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். எனக்கு ஓசூரில் வேலை. அப்பாவுக்கு இரண்டு ஏக்கரில் தக்காளி, மழை பெய்தால் ராகி. அதுவரை அவர் ஏறியிருந்த ஒரே நீர் வாகனம் ஒகேனக்கல் பரிசல். அம்மாவையும் கூப்பிட்டோம், "மாட்டை உங்க கம்பெனியா வந்து பாத்துக்கும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆக நான், என் மனைவி, பையன், அப்பா. சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், திரும்பவும் சிங்கப்பூர்.

டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸ்காரர்தான் கிளப்பிவிட்டார். "சார், கப்பல்ல டின்னர்னா ஃபுல் ஃபார்மல். கோட் இல்லேன்னா கதவுலயே நிறுத்திடுவான். வேட்டியெல்லாம் நெனச்சுக்கூடப் பாக்காதீங்க." அவர் கப்பலில் கால் வைத்ததே இல்லை என்பது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. அதைப் பெரிய குற்றமாகவும் சொல்ல மாட்டேன். தெரியாது என்று சொல்லிவிட்டால் எங்கே வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்று எல்லாருக்கும்தான் பயம். கேட்டதை அப்படியே நம்பியவன் நான்.

பர்கூருக்குப் போனோம். தெரியாதவர்களுக்கு: கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை ரோட்டில் வரும் ஜவுளி ஊர். எங்கள் பக்கம் கல்யாணத்துக்குத் துணி எடுப்பதென்றால் பாதிப் பேர் அங்கேதான் போவார்கள், குட்டி சூரத் என்பார்கள். அப்பா வாழ்க்கையில் முதல் பேண்ட்டை அங்கேதான் போட்டுப் பார்த்தார். கருப்பு, இடுப்பு 36. டிரையல் ரூமிலிருந்து வெளியே வரவே இல்லை. கதவைத் தட்டிப் பார்த்தால், பட்டாபட்டி டிராயருக்கு மேலேயே பேண்ட்டை ஏற்றி, நடுவில் இரண்டும் சுருண்டு கொண்டு, ஜிப்பு மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நின்றிருந்தார். கடைப் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டான். நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

கோட் வாங்கவில்லை. சித்தப்பா மகன் ரிசப்ஷனுக்குத் தைத்தது ஒன்று இருந்தது. மெரூன் கலர், காலரில் ஜரிகை வேலை. எனக்கு என் ரிசப்ஷன் கோட். பித்தான் போடாமல் விட்டால் சமாளிக்கலாம் என்ற அளவில் இருந்தது.

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை நுழைவிலேயே வாங்கிக்கொள்வார்கள், அட்டை கட்டிவிட்டால் அவர்களே கேபின் வாசலுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது, கப்பலில் இஸ்திரிப் பெட்டி கூடாது என்பது. தீ பயம். அநேகமாக எல்லாக் கப்பல் கம்பெனிகளிலும் இதுதான் விதி. நான் கோட் கசங்கிவிடும் என்று வீட்டு இஸ்திரிப் பெட்டியை உள்ளே வைத்திருந்தேன். ஸ்கேனில் மாட்டியது. மற்றவர்கள் பெட்டியெல்லாம் வந்துவிட, எங்களுடையது மட்டும் காணோம். விசாரித்தால் செக்யூரிட்டி அறைக்கு வரச் சொன்னார்கள். பெட்டியைத் திறந்து காட்டி, கையெழுத்துப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை ஒப்படைத்து, கேபினுக்கு வரும்போது மணி ஏழரை. எங்கள் சாப்பாட்டு நேரம் ஆறு மணி. கோட் இல்லாமல் போகக் கூடாது என்று அதுவரை யாரையும் சாப்பிட விடாமல் உட்கார வைத்திருந்தேன். பையன் மினி ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

அவசர அவசரமாகக் கோட் மாட்டிக்கொண்டு போனோம். பேசிக் கெஞ்சியதில் உள்ளே விட்டார்கள். உள்ளே பார்த்தால், ஒருவர்கூடக் கோட் போடவில்லை! டீ-சர்ட், ஜீன்ஸ், பூப்போட்ட அரைக்கைச் சட்டை. நாங்கள் நாலு பேரும் மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பி மண்டபம் மாறிப்போன கோஷ்டி மாதிரி நின்றோம். பிறகுதான் விவரம் தெரிந்தது. முதல் நாள் ராத்திரி பெரும்பாலும் சாதாரண உடைதான். நிறையப் பேருக்குப் பெட்டியே வந்திருக்காது, அதனால் யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. எடுப்பாக உடுத்தி வருவதற்கு ஃபார்மல் நைட் என்று தனியாக ஒன்று உண்டு. மூன்று முதல் ஐந்து ராத்திரிப் பயணத்தில் வழக்கமாக ஒரு நாள், ஒரு வாரப் பயணமென்றால் இரண்டு நாள். எந்த நாள் என்று கேபினுக்கு வரும் அன்றாட நிகழ்ச்சித் தாளிலோ ஆப்பிலோ போட்டுவிடுவார்கள். அதைப் பார்த்திருந்தாலே போதும்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் எங்கே உட்கார்ந்தாலும், பஸ்ஸானாலும் பேங்கானாலும், ஒரு காலை மடித்து மேலே வைத்துக்கொள்வார். அன்றைக்கும் பழக்கத்தில் காலைத் தூக்கினார். பேண்ட் முட்டியில் பிடித்துக்கொண்டது. காலைக் கீழே விட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தூக்கினார், மறுபடியும் விட்டார். தோளில் துண்டு இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். சூப்பும் பாதி பன்னும்தான் உள்ளே போனது. "போதும்டா, வயிறு நெறஞ்சிருச்சு" என்றார். ராத்திரி பதினொரு மணிக்குக் கேபினில் சரசரவென்று சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், இருட்டில் உட்கார்ந்து காவேரிப்பட்டணம் நிப்பட்டு பாக்கெட்டைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

எழுபத்தோரு வயது மனுஷன். நான் தூங்குவது போல் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள்தான் உண்மையான ஃபார்மல் நைட். அப்பா கட்டிலை விட்டு எழவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க, எனக்குப் பசியில்ல" என்றார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், மனைவி முந்திக்கொண்டாள். "மாமா, நீங்க வேட்டியே கட்டிட்டு வாங்க. விடலேன்னா மேல பஃபேக்குப் போயிரலாம். அங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." பஃபே விஷயம் உண்மைதான். டைனிங் ஹாலுக்குத்தான் உடைக் கட்டுப்பாடு. மாடியில் பஃபேயில் சாதாரணமாகவே போகலாம், ஈர நீச்சல் உடையோடு போகாமல் இருந்தால் சரி. இது அவளுக்கு ஒரே நாளில் தெரிந்திருக்கிறது. ஒரு மாதம் இன்டர்நெட்டில் தேடிய எனக்குத் தெரியவில்லை.

அப்பா எட்டு முழ வேட்டி கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. லிஃப்டில் இறங்கி நீளமான நடையில் போகும்போது, வரப்பில் நடக்கிற பழக்கத்தில், வேட்டியை எடுத்து மடித்துக் கட்டிக்கொண்டார். நான் கவனிக்கவில்லை. வாசலில் நின்றிருந்த பிலிப்பைன்ஸ் பெண் சிரித்துக்கொண்டே கையை நீட்டி மறித்தாள். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது, சரி, டிராவல்ஸ்காரன் சொன்னது நடந்துவிட்டது என்று. அவள் அப்பாவின் முட்டியைக் காட்டி, கையைக் கீழே இறக்குவது போல் சைகை செய்தாள். டைனிங் ஹாலில் ராத்திரி அரைக்கால் டிரவுசர் கூடாது என்பது விதி. முட்டி தெரிந்தால் அவளுக்கு எல்லாம் ஒரே கணக்கு.

எனக்குப் புரிவதற்குள் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "அட, அவுத்து விடச் சொல்லுதா? அதானே, சாப்புடற எடத்துக்கு வந்துட்டுத் தூக்கிக் கட்டிட்டு நிக்கறேன் பாரு" என்று தன் மேலேயே கோபப்பட்டுக்கொண்டு ஒரு உதறில் வேட்டியை இறக்கிவிட்டார். ஊர்ப் பெரியவர் யாராவது எதிரே வந்தால் செய்வதைத்தான் செய்தார். அவள் கும்பிட்டாள், அப்பாவும் கும்பிட்டார். உள்ளே போய் உட்கார்ந்ததும் மேசை விரிப்புக்கு அடியில் ஒரு கால் மேலே ஏறிக்கொண்டது. அன்றைக்கு மீன், சோறு, பருப்பு மாதிரி ஏதோ ஒன்று, ஐஸ்கிரீம் இரண்டு தடவை.

உடனே "தமிழன், பாரம்பரியம்" என்று கைதட்டக் கிளம்பிவிடாதீர்கள். நான் அதைச் சொல்ல வரவில்லை. நான் ஓசூரில் தினமும் பேண்ட்தான் போடுகிறேன், அன்றைக்கும் கோட்தான் போட்டிருந்தேன், பித்தான் போடாமல். கோட்டுக்கு நான் எதிரியும் இல்லை. எல்லாக் கப்பலும் இப்படித்தான் என்றும் சொல்லவில்லை. குனார்ட் கம்பெனியின் குயின் மேரி 2 மாதிரிக் கப்பல்களில் மாலை ஆறு மணிக்கு மேல் உடை விஷயத்தில் கறார், காலா ஈவினிங் என்று வைத்து ஆண்களை டின்னர் ஜாக்கெட்டோ அடர்நிற சூட்டோ போட்டு வரச் சொல்வார்கள். அதற்கு நேர் எதிராக, நார்வீஜியன் மாதிரிக் கம்பெனிகளில் ஃபார்மல் நைட் கட்டாயமே கிடையாது. எங்கே டிக்கெட் போட்டிருக்கிறீர்களோ, அந்தக் கம்பெனி இணையதளத்தில் உடை பற்றி ஒரு பக்கம் இருக்கும். அதைப் படியுங்கள், வேட்டி பற்றிச் சந்தேகம் என்றால் நேரடியாக அவர்களுக்கே மெயில் போடுங்கள். டிராவல்ஸ்காரரைக் கேட்காதீர்கள்.

இன்னொருவர் இங்கே "வேட்டியைத் தடுத்தால் சட்டப்படி கேஸ் போடலாம்" என்று பதில் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு சட்டம் இருப்பது நிஜம். 2014 ஜூலையில் உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை வேட்டி கட்டியதற்காகச் சென்னையில் ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. பெரிய பிரச்சினையாகி, அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் கொண்டுவந்தார்கள். தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் அது தமிழ்நாட்டுக்குள் செல்லும் சட்டம். மலாக்கா நீரிணையில் போகிற கப்பல் வாசலில் நின்று அதைப் பேசினால் அந்தப் பிலிப்பைன்ஸ் பெண் என்ன செய்வாள், பாவம்.

ஃபார்மல் நைட்டில் போட்டோக்காரர்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள். எடுப்பதற்குக் காசில்லை, பிரிண்ட் வேண்டுமென்றால்தான் காசு. விலையைக் கேட்டதும் அப்பா, "எத்தனை பெட்டித் தக்காளி?" என்றார். கணக்குப் போட்டுச் சொன்னேன், அன்றைய பாலக்கோடு மார்க்கெட் விலைக்கு. பேசாமல் நடந்துவிட்டார். இதைச் சொல்லும்போது ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது டிவியில் தினம் அதுதான் பேச்சு, தங்கமாம், பவுனாம், பூட்டுப் போட்டு வைக்க வேண்டுமாம். அதே தக்காளி பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டப்படும்போது ஒருவரும் மைக்கைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. கப்பலில் ஒவ்வொரு தட்டிலும் தக்காளியைப் பூவாகச் செதுக்கி ஓரத்தில் வைத்திருந்தார்கள், யாரும் தின்னவில்லை. அப்பா எங்கள் நாலு பேர் தட்டிலிருந்ததையும் எடுத்துத் தின்றுவிட்டு, "ஐபிரிட்டு, ருசியே இல்ல" என்றார். சரி, கேள்விக்கு வருகிறேன்.

பெண்களுக்குக் கவலையே வேண்டாம். பட்டுப் புடவை எந்த ஃபார்மல் நைட்டுக்கும் போதும். என் மனைவியின் புடவையைத் தொட்டுப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். ஹீல்ஸ் மட்டும் வேண்டாம், கப்பல் லேசாக ஆடும். ஏசி கடும் குளிர், அப்பாவுக்கு ஒரு சால்வை எடுத்து வையுங்கள். வேட்டிக்கு வெல்க்ரோ வைத்ததோ பெல்ட்டோ நல்லது. டைனிங் ஹாலில் ஒன்றும் ஆகாது, ஆனால் சாப்பிட்டு முடித்து மேல் தளத்துக்குக் காற்று வாங்கப் போனால் அது வாங்குகிற காற்றாக இருக்காது. அப்பா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ரப்பர் செருப்பு, கையில்லாத பனியன், தொப்பி இவை ராத்திரி டைனிங் ஹாலுக்கு ஆகாது. தோல் செருப்பு ஆகும், அப்பா அதைத்தான் போட்டிருந்தார்.

முதல் நாள் ராத்திரிக்கான துணியைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பருத்தி வேட்டி கசங்கியிருந்தால், குளிக்கும்போது பாத்ரூமில் கொடியில் தொங்கவிடுங்கள், ஆவியிலேயே பாதி சரியாகிவிடும். அதுவும் போதாதென்றால் லாண்டரியில் காசுக்குத் தேய்த்துக் கொடுப்பார்கள். இஸ்திரிப் பெட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். எங்களுடையதைக் கடைசி நாள் இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லி ரசீது கொடுத்தார்கள். இறங்குகிற அவசரத்தில் மறந்துவிட்டோம். ரசீது இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. பெட்டி கப்பலில் சுற்றிக்கொண்டிருக்கிறது.