உச்சியில் நின்ற பந்துக்கு முடுக்கம் உண்டா?

கேள்வி: என் மகள் பதினோராம் வகுப்பு. நேராக மேலே எறிந்த பந்தின் உயரம் 20நே − 5நே² மீட்டர் (‘நே’ என்பது நேரம், நொடியில்). உச்சியில் அதன் திசைவேகமும் முடுக்கமும் என்ன என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். இரண்டுமே பூஜ்ஜியம் என்று எழுதியிருக்கிறாள். முடுக்கத்துக்கு மார்க் போடவில்லை. “நின்னுபோன பந்துக்கு முடுக்கம் எப்படிம்மா இருக்கும்?” என்று அழுகிறாள். எனக்குக் கணக்கு பத்தாவதோடு சரி. எப்படிப் புரியவைப்பது? விடைத்தாள் நகலை இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: நகலைப் பார்த்தேன் அம்மா. கடைசி இரண்டு வரி வரைக்கும் உங்கள் மகள் அழகாகச் செய்திருக்கிறாள். உயரத்தை ஒருமுறை வகையிட்டால், அதாவது அது நொடிக்கு எவ்வளவு மாறுகிறது என்று கண்டால், திசைவேகம். திசைவேகத்தை அப்படியே வகையிட்டால் முடுக்கம். 20நே என்பது 20 ஆகிறது. நே²-இல் இருக்கும் 2 கீழே இறங்கிப் பெருக்க, 5நே² என்பது 10நே ஆகிறது. ஆக, திசைவேகம் 20 − 10நே. அது பூஜ்ஜியமாவது 2-ஆவது நொடியில். எல்லாம் சரி. அடுத்த வரியில்தான் தவறு. 2-ஐப் போட்டுக் கிடைத்த அந்த 0-வை வகையிட்டுவிட்டாள். எண்ணை வகையிட்டால் எப்போதுமே பூஜ்ஜியம்தான் வரும். 20 − 10நே என்ற முழுக்கோவையை வகையிட்டிருந்தால் −10 கிடைத்திருக்கும். வகையிட்டு முடித்த பிறகுதான் எண்ணைப் பிரதியிட வேண்டும். முப்பது வருடம் பாடம் எடுத்தேன். இந்தத் தவறு வராத வகுப்பு எனக்கு நினைவில்லை.

ஆனால் அவள் அழுவது மார்க்குக்காக மட்டும் இல்லை. நின்ற பந்துக்கு முடுக்கம் எப்படி என்பது நியாயமான கேள்வி. இதற்கு வகையிடலே வேண்டாம், நீங்களே செய்துகாட்டலாம். ஒரு தாளில் நொடிக்கு நொடி உயரத்தை எழுதுங்கள்: 0, 15, 20, 15, 0. கீழே, அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம்: 15, 5, −5, −15. இது ஒவ்வொரு நொடியிலும் பந்தின் சராசரித் திசைவேகம். அதற்கும் கீழே, வித்தியாசங்களின் வித்தியாசம்: −10, −10, −10. நடுவில் இருக்கும் −10-ஐ அவளிடம் காட்டுங்கள். பந்து உச்சியைத் தாண்டிய இடம் அதுதான்.

“ஒரு நொடி பெரிய இடைவெளி சார்” என்பாள். சரி, சுருக்குவோம். 1.9-ஆவது நொடியில் திசைவேகம் 1, 2-இல் 0, 2.1-இல் −1. 0.2 நொடிக்குள் 2 குறைந்திருக்கிறது. நொடிக்குப் பார்த்தால் அதே −10. இடைவெளியை இன்னும் சுருக்கிக்கொண்டே போவதற்குப் பெயர்தான் வகையிடல். உச்சியில் முடுக்கமும் பூஜ்ஜியம் ஆகி, அப்படியே இருந்துவிட்டால், பந்து கீழே வராது. 20 மீட்டர் உயரத்தில் அப்படியே தொங்கும்.

கலிலியோ இப்படி வித்தியாசங்களைத்தான் பார்த்தார். விழும் பொருள் சம நேரங்களில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் போகும் என்று 1638-இல் வெளிவந்த நூலில் எழுதினார். நியூட்டன் அப்போது பிறந்திருக்கவே இல்லை.

அப்புறம், அவளுக்கு என் சார்பில் ஒரு கணக்கு. இதே பந்தை இதே வேகத்தில் நிலவில் எறிந்தால் உயரம் 20நே − 0.81நே². உச்சிக்குப் போக எத்தனை நொடி, அங்கே முடுக்கம் என்ன? நேரம் 12 நொடியைக் கொஞ்சம் தாண்டி வந்தால் சரியாகப் போட்டிருக்கிறாள். முடுக்கத்தை அவளே சொல்லட்டும்.