பிரேக் பெடல் பொதபொதவென்று இறங்குகிறதா?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன். என்னுடையது பத்து வருடப் பழைய சின்ன கார், 80,000 கிலோமீட்டர் ஓடியது. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். போன மாதம் லோனாவ்லாவிலிருந்து திரும்பும்போது கண்டாலா இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. வண்டி ஆறியதும் சரியாகிவிட்டது. ஆனால் இப்போது தினமுமே பெடல் ஆழமாக இறங்குகிறது. இரண்டாம் முறை மிதித்தால் மேலே வருகிறது. கேரேஜில், பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்குப் பர்ஸைத் திறக்க வேண்டாம். அதேபோல, காரணம் தெரியும் வரை வண்டியை ரோட்டிலும் இறக்க வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் இரண்டு வேறு வேறு கோளாறுகள் தெரிகின்றன. மலையில் நடந்தது, பிரேக் ஆயில் கொதித்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் திரவம்; மும்பை மழைக்காலம் அதற்கு நல்ல விருந்து. புதிய டாட் 4 (ஆயிலின் தர எண்) ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. சுமார் 4 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 155-க்கு இறங்கிவிடும். இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே காலை வைத்து வந்தால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் அந்தச் சூட்டை எட்டிவிடும். திரவம் ஆவியாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவி அமுங்கும். அதுதான் அந்தப் பஞ்சு. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடுவதால், கேரேஜுக்குப் போகும்போது ஒன்றுமே தெரியாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை முழுதாக மாற்றியிருந்தால் இது பெரும்பாலும் வந்திருக்காது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் வருவதும் பாதி வேலையைச் செய்துவிடும்.

தினமும் ஆழமாக இறங்குவது வேறு கதை. அதை வீட்டு வாசலிலேயே காலால் கண்டுபிடிக்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்தாறு தடவை மிதியுங்கள். மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்யூம் தீர்ந்து பெடல் இறுகும். பிறகு நன்றாக அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். பெடல் மெதுவாகக் கீழே நழுவினால் எங்கேயோ ஆயில் விட்டுக்கொடுக்கிறது. நான்கு சக்கரத்தின் உள்பக்கமும், மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கமும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். எங்குமே ஈரம் இல்லையென்றால்தான் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கப் தேய்ந்துவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். அப்படியானால் கேரேஜ்காரர் சொன்னது சரி, மாற்றிவிடுங்கள். (இதே நிலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் இறங்கும். பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். இதைப் பார்த்துப் பயந்து வருகிறவர்கள் எத்தனையோ பேர்.)

பெடல் நழுவாமல் நின்றால், அடுத்து ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்துவிட்டு பெடலை மிதித்துப் பாருங்கள். இப்போது முதல் மிதியிலேயே உயரத்தில் பிடிக்கிறதா? அப்படியென்றால் பின் டிரம்முக்குள், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். அந்த இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றிருக்கும். உங்கள் வண்டிக்கு என் முதல் சந்தேகம் இதுதான். டிரம்மைக் கழற்றி, சுத்தம் செய்து, ஷூவை அட்ஜஸ்ட் செய்தால் போதும். கழற்றியபோதே, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

ஹேண்ட் பிரேக் இழுத்தும் மாற்றமில்லை, மிதிக்க மிதிக்க பெடல் உயர்ந்தாலும் ஸ்பிரிங் மாதிரியே இருக்கிறது என்றால் பிரேக் ஆயில் குழாயில் காற்று. இங்கே மெக்கானிக்கிடம் 'பிரேக் கா ஹவா நிகால்னா ஹை' (பிரேக்கில் காற்று எடுக்க வேண்டும்) என்றால் உடனே புரிந்துகொள்வார். வழக்கமாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவார்கள். நம் வலதுபக்க ஸ்டியரிங் வண்டியில் அது பின் இடது. சில வண்டிகளுக்கு வரிசை மாறும், மேனுவலைப் பாருங்கள். காற்று எடுக்கப் பெடலை மிதிக்கும்போது, பழைய வண்டியில் தரை வரை மிதிக்க விடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதியில் இத்தனை வருடம் கப் போகாத இடத்தில் அழுக்கும் துருவும் இருக்கும். அது நல்ல கப்பையும் கிழித்துவிடும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்தால் தீர்ந்தது.

எத்தனை முறை காற்று எடுத்தும் பஞ்சு போகவில்லையென்றால் காலிப்பரில் காற்றை வெளியே விடும் நிப்பிள் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். சயான் கோலிவாடாவிலிருந்து ஒரு வண்டி என்னிடம் வந்தது, வேறொரு இடத்தில் மூன்று முறை காற்று எடுத்திருந்தார்கள். கடைசியில் பார்த்தால், முன்பு கழற்றியபோது இடது வலது காலிப்பரை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். நிப்பிள் கீழே, காற்று மேலே. ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது! ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் அதன் யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால் ஸ்கேனர் வைத்து அதன் பம்பை ஓட்டித்தான் எடுக்க முடியும்.

எந்த வழியில் சரியானாலும் ஆயிலை மட்டும் மாற்றிவிடுங்கள். வண்டியின் பிரேக் ஆயில் டப்பா மூடியில் போட்டிருக்கும் டாட் எண்ணையே, சீல் உடைக்காத பாட்டிலாக வாங்குங்கள். வீட்டில் பாதி மிச்சமிருக்கும் பழைய பாட்டில் வேண்டாம், அதுவும் ஈரம் குடித்திருக்கும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், இல்லையென்றால் பெயின்ட் உரிந்து வரும். பிரேக் பாகங்களைப் பெட்ரோல், டீசலில் கழுவ விடாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். முடிந்ததும் கூட்டமில்லாத தெருவில், நடக்கிற வேகத்தில் நாலைந்து தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் ஹைவேக்கு எடுத்துப் போங்கள்.